குழந்தையின் கட்சி

1913-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண ஸுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஸெர்ல் என்பவர் ஒரு தீர்ப்புக் கூறினார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து, அதிகாரிகளிடம் பதிவும் செய்யப்பெற்ற விவாகமே அந்நாட்டுச் சட்டப்படி விவாகமாகும் என்பது அதன் சாரம். அன்று வரையில் தாலி கட்டியும் நிக்காஹ் செய்தும் குடித்தனம் நடத்தி வந்த இந்தியப் பெண்கள், அத்தீர்ப்பின்படி மனைவியர் அல்லாதவராயினர். அவர்கள் பெற்ற மக்கள் தகப்பனார் சொத்துக்குப் பாத்தியதை அற்றவராயினர். வீடு இருந்தது, அடுப்பு எரிந்தது, தொட்டிலில் குழந்தை உறங்கியது. சட்டம் மட்டும், 'அங்கே குடும்பம் எதுவும் இல்லை' என்று சொல்லிவிட்டது.

அந்த அவமானத்தைச் சகியாமல் எழுந்த ஸத்தியாக்கிரகத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். ஸ்ரீமதி கஸ்தூரிபாய் சிறை சென்றார். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தொழிலாளரை வேலை நிறுத்தம் செய்யும்படி ஏவினர். சிறையில் கண்ட ஜுரத்தால் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ந் தேதி, பதினாறே வயதில் உயிர் நீத்தாள். மூன்று பவுன் வரியும் அப்போராட்டத்துக்குக் காரணமே. எனினும், அடுப்படியில் இருந்த பெண்களைச் சிறை வாசலுக்குக் கொணர்ந்தது, 'உன் வீடு வீடல்ல, உன் பிள்ளை பிள்ளையல்ல' என்ற அந்த ஒரு வார்த்தையே. அவ்வருஷத்திலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறி, ஒரு மனைவியோடு வாழும் இந்தியரின் விவாகங்கள் ஒப்புக்கொள்ளப்பட்டன.

இப்பழைய சரித்திரத்தை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இரு பெண்கள், அல்லது இரு ஆடவர், வாழ்க்கைத் துணைவராய் ஒரே இல்லத்தில் வாழ்வார்களாயின், அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு குழந்தையைச் சுவீகாரம் எடுத்து வளர்க்கலாமா என்ற கேள்வி இன்று உலகத்தில் பல தேசங்களில் எழுந்திருக்கிறது. நம் நாட்டிலும் எழுந்து, ஸுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று, விடை பாதியாக நிற்கிறது. பலர் இதைத் துணைவரின் உரிமையைப் பற்றிய வழக்கு என்று எண்ணுகிறார்கள். சிலர் ஒழுக்கத்தைப் பற்றிய வழக்கு என்கிறார்கள். நமது அபிப்பிராயத்தில் இது முதன்மையாகக் குழந்தையின் வழக்கு. அதை நமக்குத் தெளிவாக எடுத்துக் காட்டியதும் அதே தென்னாப்பிரிக்காதான்.

ஒரு நீதிபதியின் இல்லம்

ஸூஸான் டு டோய், ஆனா-மரீ தெ வோஸ் என்ற இரு பெண்மணிகள் 1989-ம் வருஷம் முதல் வாழ்க்கைத் துணைவராய் ஓர் இல்லத்தில் வாழ்ந்து வந்தனர். இவர்களுள் இரண்டாமவர் பின்னர் பிரிட்டோரியா ஹைகோர்ட்டில் நீதிபதியாக அமர்ந்தவர். 1994-ல், ஆதரவற்ற குழந்தைகளை எடுத்து வளர்க்க விரும்பி இருவரும் அதிகாரிகளை அணுகினர். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. இருவரையும் சேர்த்தே அதிகாரிகள் விசாரித்தார்கள், தகுதியைச் சோதித்தார்கள், திருப்தியடைந்தார்கள். உடன்பிறந்த ஒரு பெண் குழந்தையும் ஓர் ஆண் குழந்தையும் அவ்வில்லத்துக்கு வந்து சேர்ந்தன.

ஆனால், 1995-ல் சுவீகார உத்தரவு பிறந்தபோது அதில் ஒரு பெயரே இருந்தது. 1983-ம் வருஷத்துக் குழந்தைப் பராமரிப்புச் சட்டம், இருவர் சேர்ந்து சுவீகாரம் எடுப்பதானால் அவர்கள் கணவனும் மனைவியுமாக இருக்கவேண்டும் என்று விதித்திருந்தது. தனி நபர் ஒருவர் எடுக்கலாம். ஆனால் இவ்விருவரும் சேர்ந்து எடுக்கக்கூடாது. ஆகவே, தெ வோஸ் அம்மை தாயானார். வீட்டில் பெரும்பொழுதும் குழந்தைகளோடு இருந்து வளர்த்த டு டோய் அம்மை, சட்டத்தின் கணக்கில் அவ்வீட்டில் குடியிருக்கும் யாரோ ஒருவர் ஆனார்.

'யாரோ ஒருவர்' என்பதன் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு நள்ளிரவில் நோவு கண்டு, ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை செய்யவேண்டும் என்று டாக்டர் கூறினால், சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட அவருக்கு அதிகாரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அதிகாரம் இல்லை. வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு அநுமதி தர அதிகாரம் இல்லை. சட்டப்படி தாயானவர் திடீரென்று இறந்துபோனால், அநாதையாக இருந்து ஒரு முறை வீடு கிடைக்கப்பெற்ற அக்குழந்தை, உயிரோடு இன்னொரு தாய் எதிரே நிற்கும்போதே மறுபடியும் அநாதையாகும். துணைவர் இருவரும் மனம் வேறுபட்டுப் பிரிந்தாலோ, பத்து வருஷம் சோறூட்டியவருக்குக் குழந்தையைப் பார்க்கப் பாத்தியதையும் இல்லை. குழந்தைக்கு அவரிடம் ஜீவனாம்சம் கேட்கப் பாத்தியதையும் இல்லை.

இதில் தண்டனை அடைவது யார்? பெரியவர்கள் என்று சொல்வது மேலெழுந்தவாரியான பார்வை. இரு கைகள் தன்னைத் தாங்கும் வீட்டில் வளரும் குழந்தையைப் பார்த்து, 'உனக்கு ஒரு கையே உண்டு' என்று சட்டம் சொல்லுகிறது. மற்றக் கை தாங்கினாலும் அது சட்டத்தின் கணக்கில் சேராது. குழந்தை செய்த குற்றம் யாதொன்றும் இல்லை.

கோர்ட்டு சொன்னது

கோர்ட்டில் பிறருடைய வழக்குகளுக்கு நியாயம் சொல்லிவந்தவர், தம் வீட்டுக்கு நியாயம் கேட்டுத் தம் துணைவரோடு மனுதாரராக நின்றார். 2001-ல் பிரிட்டோரியா ஹைகோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பார்லிமெண்டின் சட்டம் ஒன்றைச் செல்லாது என்று சொல்வதானால், அரசியல் சாஸனக் கோர்ட்டு அதை உறுதிசெய்தாக வேண்டும் என்பது அந்நாட்டு முறை. 2002-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி, நீதிபதி ஸ்க்வெயியா அக்கோர்ட்டின் தீர்ப்பை எழுதினார். நீதிபதிகளுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை.

அவ்வழக்கில் குறிப்பிடத்தக்க ஒரு விஷயம் உண்டு. வழக்காடுவோர் பெரியவர்களாயினும், குழந்தைகளின் சார்பில் பேசுவதற்கென்றே தனியாக வக்கீல் ஏற்படுத்தப்பட்டார். தென்னாப்பிரிக்காவின் 1996-ம் வருஷத்து அரசியல் சாஸனத்தின் 28-வது ஷரத்து, குழந்தையைப் பற்றிய எந்த விவகாரத்திலும் அக்குழந்தையின் நலனே தலையாயது என்று விதிக்கிறது. வெள்ளையர் ஆட்சியில் குடும்பங்களை நிறம் பார்த்துப் பிரித்த கொடுமையை அநுபவித்த தேசம் அது. இன்னின்னார் இன்னின்னாரோடு கூடி வாழலாகாது என்று ஸர்க்கார் விதித்தால் அதன் வடு குழந்தைகள் மீது எப்படி விழும் என்பதை அந்த ஜனங்கள் நூல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதனால்தான், ஒருவரின் பால் நாட்டத்தைக் காரணமாகக் கொண்டு பேதம் பாராட்டலாகாது என்ற விதியும் அச்சாஸனத்திலேயே வெளிப்படையாக இடம் பெற்றது.

குழந்தைக்கு அன்பும் நிலையான வீடும் தரத் தகுதியுள்ள இருவரை, அவர்கள் ஒரே பாலினர் என்ற காரணம் ஒன்றுக்காகவே விலக்கும் சட்டம், பெரியவர்களின் சமத்துவத்தை மட்டுமன்றிக் குழந்தையின் நலனையும் கெடுக்கிறது என்று கோர்ட்டு கண்டது. சட்டத்தை முழுதும் தள்ளிவிடவும் இல்லை. நிலையான துணைவராய் வாழும் ஒரே பாலினர் இருவரும் சேர்ந்து சுவீகாரம் எடுக்கலாம் என்ற சொற்களைச் சட்டத்தின் உள்ளேயே சேர்த்துப் படிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது.

ஸர்க்கார் தரப்பில் ஒரு தயக்கம் கூறப்பட்டது. மணமுறிவுக்குச் சட்டம் இருக்கிறது. இத்துணைவர் பிரிந்தால் குழந்தையின் கதி என்ன என்பதற்குச் சட்டம் இல்லையே. ஆகையால் உத்தரவைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கலாகாதா என்று கேட்டார்கள். கோர்ட்டு அதற்கு இணங்கவில்லை. குழந்தைகளுக்கெல்லாம் மேலான பாதுகாவலர் ஹைகோர்ட்டே. பிரிவு நேர்ந்தால் குழந்தையின் நலனைப் பார்த்து அது முடிவு செய்துகொள்ளும் என்று கூறிவிட்டது.

பின்னர் இயற்றப்பட்ட 2005-ம் வருஷத்துக் குழந்தைகள் சட்டம் இதை இன்னும் விரிவாக்கியது. கணவன் மனைவியர், நிலையான துணைவர் ஆகியோரோடு, ஒரே வீட்டில் ஒரு குடும்பமாக நிலைத்து வாழும் மற்றவர்களும் கூட்டாகச் சுவீகாரம் எடுக்கலாம் என்று அதன் 231-வது பிரிவு இடம் தருகிறது. 'இவர்களுக்குள் உறவின் பெயர் என்ன?' என்று கேட்ட சட்டம், 'குழந்தைக்கு இது வீடாக இருக்குமா?' என்று கேட்கத் தொடங்கியது.

1913-ன் வழக்கும் 2002-ன் வழக்கும் ஒன்றே என்று நாம் சாதிக்கவில்லை. முன்னதில் ஒரு சமூகத்தின் சமயச் சடங்கு மறுக்கப்பட்டது. பின்னதில் சடங்கே கேள்வியன்று. ஆனால் காயம் ஒன்றுதான். இருக்கும் வீட்டைச் சட்டம் இல்லை என்றது. அதன் பாரம் பிள்ளையின் தலையில் ஏறியது.

நம் நாட்டு நிலைமை

இனி நம் நாட்டுக்கு வருவோம். முற்காலத்தில் நம்மவர் தத்து எடுத்தது பெரும்பாலும் பெற்றோருக்காகவே. கொள்ளி வைக்க ஒரு புத்திரன் வேண்டும், குலம் விளங்க ஒரு பெயர் வேண்டும், சொத்துக்கு ஒரு வாரிசு வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2015-ம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டம் இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. எம்மதத்தினரும் அதன்கீழ் சுவீகாரம் எடுக்கலாம். பிள்ளை இல்லாதவருக்குப் பிள்ளை தேடுவதன்று அதன் நோக்கம்; பெற்றோர் இல்லாத பிள்ளைக்குப் பெற்றோர் தேடுவதே. ஒரு முறை உத்தரவு பிறந்துவிட்டால், அக்குழந்தை அவர்கள் வயிற்றில் பிறந்த குழந்தைக்குச் சமானம். 2022 செப்டம்பர் முதல் இந்த உத்தரவை ஜில்லா கலெக்டரே பிறப்பிக்கிறார்.

யார் எடுக்கலாம்? சட்டத்தின் 57-வது பிரிவு, உடல் நலமும், பொருள் வசதியும், மனத் தெளிவும், குழந்தையை வளர்ப்பதில் மிகுந்த ஆர்வமும் உள்ளவர் எடுக்கலாம் என்கிறது. மணமாகாதவரும் விவாகரத்துப் பெற்றவரும் எடுக்கலாம். ஒரே நிபந்தனை, தனி ஆடவர் பெண் குழந்தையை எடுக்கக்கூடாது. தம்பதிகளானால் இருவரின் சம்மதமும் வேண்டும்.

இவ்வளவும் நியாயமே. சிக்கல் விதிகளில் தொடங்குகிறது. 2022-ம் வருஷத்துச் சுவீகார ஒழுங்குமுறைகளின் 5(3)-வது விதி, இருவர் சேர்ந்து எடுப்பதானால் அவர்கள் குறைந்தது இரண்டு வருஷம் நிலையான மணவாழ்க்கை நடத்தியிருக்க வேண்டும் என்று கூறுகிறது. ஒரே பாலினத் துணைவருக்கு நம் நாட்டில் விவாகச் சட்டம் இல்லை. ஆகவே அவர்கள் இரண்டு வருஷமல்ல, இருபது வருஷம் கூடி வாழ்ந்திருந்தாலும் அவ்விதியின் வாசலைத் தாண்ட முடியாது.

இதன் விபரீதத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒருத்தி தனியே வந்தால் சட்டம் அவளை நல்ல தாய் என்று ஏற்கிறது. அவளுடைய துணைவியும் தனியே வந்தால் அவளையும் நல்ல தாய் என்று ஏற்கும். இருவரும் கை கோத்து வந்தால் இருவரும் தகுதியற்றவராகி விடுகிறார்கள்! ஒருவர் சம்பாத்தியத்தைவிட இருவர் சம்பாத்தியமும், ஒருவர் கண் விழிப்பதைவிட இருவர் மாறி மாறிக் கண் விழிப்பதும் குழந்தைக்குக் கெடுதல் என்று எந்தப் பாட்டியாவது சொல்வாளா?

உண்மைக்குத் தண்டனை

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. 2022-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி, சுவீகாரத்துக்குரிய மத்திய ஸ்தாபனம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. தனி நபராக மனுச் செய்பவர், மணமின்றி ஒரு துணைவரோடு கூடி வாழ்பவராக இருப்பின், அவருடைய மனு ஏற்கப்படாது என்பது அதன் சாரம்.

இந்த ஏற்பாட்டின் பலன் யாது? விசாரணைக்கு வரும் அதிகாரி, 'இந்த வீட்டில் உங்களோடு இருப்பவர் யார்?' என்று கேட்கிறார். 'என் வாழ்க்கைத் துணைவி' என்று உண்மை சொன்னால் குழந்தை இல்லை. 'அறைத் தோழி' என்றோ, 'தூரத்து உறவு' என்றோ சொன்னால் குழந்தை உண்டு. பொய் சொல்பவருக்குப் பரிசும் மெய் சொல்பவருக்குத் தண்டனையும் வழங்கும் சட்டத்தை எந்த ஸ்மிருதியிலும் நாம் கண்டதில்லை. குழந்தை வாசற்படி மிதிக்கும் நாளிலேயே அதன் வீட்டில் ஒரு பொய்யைக் குடியேற்றுகிறோம். பிறகு அது பேசக் கற்கும்போது, 'வெளியில் இதைச் சொல்லாதே' என்று அதற்கும் அப்பொய்யைக் கற்பிக்கிறோம். ஸத்தியத்தைக் கையில் பிடித்துச் சுயராஜ்யம் பெற்ற நாட்டுக்கு இது அழகா?

ஐந்து நீதிபதிகள்

2018-ம் வருஷம் செப்டம்பர் 6-ந் தேதி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, வயது வந்தோர் மனமொத்து வாழ்வதற்குப் பொருந்தாது என்று நம் ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதன் பின்னர், ஒரே பாலினத் துணைவரின் விவாகத்தை ஒப்புக்கொள்ளவேண்டும் என்று தொடுத்த வழக்கு ஐந்து நீதிபதிகள் முன் வந்தது. 2023-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி தீர்ப்புக் கூறப்பட்டது. விவாகம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை எவருக்கும் அரசியல் சாஸனத்தில் இல்லை என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். சுவீகாரத்தில்தான் பிளவு ஏற்பட்டது.

பிரதம நீதிபதி சந்திரசூட், நீதிபதி கௌல் ஆகிய இருவரும், 5(3)-வது விதி மூலச் சட்டத்தை மீறியது, சமத்துவத்துக்கும் முரணானது என்றனர். மேற்படி சுற்றறிக்கையும் அவர்கள் பார்வையில் செல்லாது. ஆணும் பெண்ணுமாகக் கூடியவர் மட்டுமே நல்ல பெற்றோராக இருக்க முடியும் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளலாகாது என்பது அவர்கள் வாதம். நீதிபதிகள் பட், ஹிமா கோலி, நரஸிம்மா ஆகிய மூவரும் இதற்கு இசையவில்லை. தம்பதிகள் பிரிந்தால் குழந்தையைக் காக்க விவாகச் சட்டங்களில் வழி உண்டு. அதனால்தான் சட்டம் இயற்றியோர் மணமானவர்களையே கருதினார்கள். அதைக் கோர்ட்டு மாற்றி எழுத முடியாது என்றனர். மூவர் கூறியதே தீர்ப்பாயிற்று. மறுபரிசீலனை மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளப்பட்டன.

மூவரின் தீர்ப்பை நாம் இகழவில்லை. சட்டம் இயற்றுவது பார்லிமெண்டின் வேலை என்ற கொள்கை மதிக்கத்தக்கது. ஆனால், எந்தக் காரணத்தைக் கண்டு நம் கோர்ட்டு பின்னடைந்ததோ, அதே காரணம் 2002-ல் தென்னாப்பிரிக்கக் கோர்ட்டின் முன்னும் வைக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது. பிரிவு நேர்ந்தால் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லையே என்று அஞ்சினால், அதற்குப் பரிகாரம் பாதுகாப்பைத் தருவது. இரண்டாவது தாய்க்குக் கடமையைச் சட்டத்தால் கட்டிவைத்தால்தான், பிரிந்தபின்னும் அவரிடம் குழந்தைக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க முடியும். இப்போதோ, அவர் எழுந்து போய்விட்டால் கேட்பாரில்லை. கூரையில்லை என்று சொல்லிக் குழந்தையை மழையில் நிறுத்துவதா, கூரை வேய்வதா?

ஆட்சேபங்கள்

இவ்விஷயத்தில் நேர்மையோடு ஐயப்படுகிறவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய ஆட்சேபங்களுக்கு விடை கூறுவது நம் கடமை.

குழந்தைக்குத் தாயும் வேண்டும், தகப்பனும் வேண்டும் என்பது முதல் ஆட்சேபம். இது ஊகத்தால் தீர்க்கவேண்டியதன்று. ஆராய்ந்து பார்த்தவர்களைக் கேட்க வேண்டியது. இங்கிலாந்தில் ஸூஸன் கோலம்பாக் என்ற அறிஞரும் அவரோடு உழைத்தவர்களும் 1983-லேயே இத்தகைய தாய்மாரின் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டனர். பிற்கால ஆராய்ச்சிகளும் சேர்ந்து காட்டுவது, அறிவு வளர்ச்சியிலும் மன நலத்திலும் இக்குழந்தைகள் மற்றக் குழந்தைகளுக்குக் குறைந்தவரல்லர் என்பதே. அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் பெரிய சங்கம் 2002-லும் 2013-லும் இதையே கூறி, இரண்டாவது பெற்றோருக்கும் சட்டத்தில் இடம் கொடுங்கள் என்று கேட்டது.

இதற்கு மாறாக 2012-ல் டெக்ஸாஸ் ஸர்வகலாசாலையின் மார்க் ரெக்னிரஸ் என்ற பேராசிரியர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். மிச்சிகன் ராஜ்யத்தில், நோயுற்றுப் பிறந்த கைவிடப்பட்ட சிசுக்களைத் தனித்தனியே சுவீகாரம் எடுத்து ஒரே வீட்டில் வளர்த்த இரண்டு நர்ஸுகள் தொடுத்த வழக்கில் அவரே சாட்சி சொன்னார். அவர் ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர், பெற்றோரின் மணமுறிவைக் கண்டு துன்புற்றவர்களே. இரு பெண்களோ இரு ஆடவரோ நெடுநாள் சேர்ந்து வளர்த்த குழந்தைகள் அதில் மிகச் சிலரே. 2014 மார்ச்சில் நீதிபதி பிரீட்மன் அச்சாட்சியம் நம்பத் தகாதது என்று ஒதுக்கினார். அவ்வழக்கும் வேறு சில வழக்குகளும் சேர்ந்துதான் 2015 ஜூன் 26-ந் தேதி அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டின் விவாகத் தீர்ப்பில் முடிந்தன.

ஊரார் பரிகசிப்பார்களே, குழந்தை வாடுமே என்பது இரண்டாவது ஆட்சேபம். பரிகசிப்பார்கள், உண்மைதான். விதவா விவாகத்தில் பிறந்த குழந்தையையும் கலப்பு மணத்தில் பிறந்த குழந்தையையும் ஊரார் பரிகசித்ததில்லையா? அதற்காக அம்மணங்களைத் தடை செய்ய வேண்டும் என்று எந்தத் தேசத் தொண்டரும் சொன்னதில்லை. பரிகாசம் செய்பவனைத் திருத்துவதே சீர்திருத்தம். சட்டமும் அவனோடு சேர்ந்துகொண்டு குழந்தையைப் பரிகசிப்பது சீர்திருத்தமாகாது.

இது மேல்நாட்டு மோகம் என்பது மூன்றாவது. நெதர்லாந்து 2001-ல் முதலில் வழி திறந்தது என்பது மெய். ஆனால் தென்னாப்பிரிக்கா மேல்நாடன்று. தைவான் 2023-ல் ஒரே பாலினத் தம்பதிகள் கூட்டாகச் சுவீகாரம் எடுக்க இடம் தந்தது. தாய்லாந்து 2025 ஜனவரியில் விவாகத்தோடு சுவீகார உரிமையையும் அளித்தது. இவை ஆசியாவின் தேசங்கள். தவிரவும், இரு ஆடவர் கூடி வாழ்வதைக் குற்றமாக்கிய 377-வது பிரிவே ஆங்கிலேயர் 1860-ல் இயற்றிக் கொடுத்த சரக்கு. எது அந்நியச் சரக்கு என்று தீர்மானிக்கும் முன் அதன் முத்திரையைப் பார்ப்பது நலம்.

நான்காவது ஆட்சேபம் கனமானது. நம் நாட்டில் சுவீகாரத்துக்குப் பதிவு செய்துகொண்டு காத்திருக்கும் மணமான தம்பதிகள் ஆயிரக்கணக்கானவர். சட்டப்படி கொடுக்கத்தக்க குழந்தைகளோ அவர்களைவிட மிகக் குறைவு. அப்படியிருக்க இன்னொரு சாராரையும் வரிசையில் சேர்ப்பதால் எந்தக் குழந்தைக்கு நன்மை என்று கேட்கிறார்கள். இதற்கு இரண்டு விடைகள் உண்டு. சிவந்த மேனியும் பச்சிளம் பருவமும் உள்ள சிசுவை எல்லோரும் கேட்கிறார்கள். வயது ஏறிய குழந்தையும், அங்கஹீனமுற்ற குழந்தையும், பிரிக்கலாகாத உடன்பிறந்தாரும் விடுதியிலேயே வளர்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வீடு கூடுதலாகக் கிடைத்தாலும் லாபமே. இரண்டாவது விடை இதைவிட முக்கியமானது. நாம் பேசுவது இனிமேல் வரப்போகும் குழந்தையைப் பற்றி மட்டுமன்று. ஒருவர் பெயரில் எடுக்கப்பட்டு இருவரால் வளர்க்கப்படும் குழந்தைகள் இப்போதே நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த வரிசையும் இல்லை. அவர்கள் வீடு சேர்ந்து விட்டார்கள். அவர்களுடைய இரண்டாவது பெற்றோரைச் சட்டம் கண் திறந்து பார்க்கவேண்டும் என்பதே கேள்வி.

உயில் எழுதி வைத்தால் போதாதா என்று சிலர் சொல்வார்கள். உயில் செத்த பிறகு பேசுவது. அதுவும், உறவினர் யாரேனும் வழக்காடினால் கோர்ட்டில் வருஷக்கணக்கில் தள்ளாடுவது. நள்ளிரவில் ஜுரத்தில் கிடக்கும் குழந்தைக்கு உயில் உதவாது.

செய்ய வேண்டுவது

2023-ம் வருஷத்துத் தீர்ப்பின் பயனாக, காபினெட் காரியதரிசியின் தலைமையில் ஒரு கமிட்டி 2024 ஏப்ரலில் நியமிக்கப்பட்டது. அதன்பின் மத்திய ஸர்க்கார் சில அறிவிப்புகள் செய்தது. ஒரே பாலினத் துணைவரை ரேஷன் கார்டு விஷயத்தில் ஒரே குடும்பத்தவராகக் கொள்ளவேண்டும் என்று ராஜ்ய ஸர்க்கார்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. பாங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கத் தடை இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இதிலிருந்து ஒரு கேள்வி தானே எழுகிறது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் ஒரே குடும்பமாக இருப்பவர்கள், அந்த அரிசியை உண்ணும் குழந்தைக்கு மட்டும் ஒரே குடும்பம் ஆகமாட்டார்களா?

நம் சென்னை ஹைகோர்ட்டு 2025 மே மாதத்தில், தன் துணைவியிடமிருந்து பிரித்து வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஓர் இளம் பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் அமைவதற்கு விவாகம் ஒன்றே வழியன்று என்று கூறியிருக்கிறது. கோர்ட்டுகள் தம்மால் ஆனதைச் சொல்லி வருகின்றன. மிச்சம் பார்லிமெண்டைச் சேர்ந்தது. விவாகச் சட்டத்தைப் பற்றிய பெரிய விவாதம் முடியும் வரையில் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தென்னாப்பிரிக்கா சுவீகாரத்துக்கு 2002-ல் வழி செய்தது, துணைவரின் விவாகத்துக்கு 2006-ல்தான் சட்டம் செய்தது. 57-வது பிரிவில், நிலையாக ஒரு குடும்பமாய் வாழும் இருவர் கூட்டாகச் சுவீகாரம் எடுக்கலாம் என்று சில சொற்களைச் சேர்க்கலாம். ஒருவர் எடுத்த குழந்தைக்கு மற்றவரும் பெற்றோராக மனுச் செய்துகொள்ள ஒரு வழி வைக்கலாம். 2022-ம் வருஷத்துச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற ஓர் அதிகாரியின் கையெழுத்துப் போதும். தகுதியை இப்போது சோதிப்பது போலவே கண்டிப்பாகச் சோதிக்கட்டும். இன்னும் கண்டிப்பாகச் சோதித்தாலும் நமக்கு ஆட்சேபம் இல்லை. தகுதியைச் சோதிக்காமலே வாசலை அடைப்பதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

குழந்தைகளின் உரிமையைக் காப்பதற்கென்று ஏற்பட்ட ஸ்தாபனங்களே இவ்வழக்கில் இரண்டாகப் பிரிந்து நின்றன. தேசிய ஆணையம் எதிர்த்தது. டில்லி ஆணையம் ஆதரித்தது. பெரியவர்கள் வாதிடட்டும். வழக்கு என்று வந்தால் வாதிக்கு ஒரு கட்சி, பிரதிவாதிக்கு ஒரு கட்சி, ஸர்க்காருக்கு ஒரு கட்சி. இந்த வழக்கில் பேசத் தெரியாத ஒரு கட்சியும் இருக்கிறது. அது தொட்டிலில் கிடக்கிறது. விவாகம் என்றால் என்ன என்பது அதற்குத் தெரியாது. 5(3)-வது விதியும் தெரியாது. இரவில் அழுதால் இரண்டு பேரில் யாராவது ஒருவர் எழுந்து வருவார் என்பது மட்டும் தெரியும். அவ்விருவருள் ஒருவரை 'யாரோ ஒருவர்' என்று சட்டம் சொல்லிக்கொண்டிருக்கும் வரையில், அந்தக் குழந்தையின் கட்சியை எடுத்துப் பேசும் பொறுப்பு நம்முடையது.